பப் மேசையில் எட்டுப்பந்து: யார் சொல்லும் விதி சரி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் ஒரு பப்பில் நண்பர்களோடு எட்டுப்பந்து (குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் போடும் பூல் ஆட்டம்) ஆடியிருக்கிறீர்கள். எதிராளி உங்கள் நிறப் பந்தை முதலில் தொட்டுவிட்டார். ஃபோனில் ஆடிப் பழகிய பழக்கத்தில் வெள்ளையைக் கையில் எடுத்துப் பிடித்த இடத்தில் வைக்கப் போனீர்கள். எல்லோரும் சிரித்து, "இங்கே அப்படியெல்லாம் கிடையாது, ரெண்டு ஷாட் எடுத்துக்கோ" என்றார்கள். கடைசியில் கறுப்பைப் போட்டீர்கள், வெள்ளையும் பின்னாலேயே போய் விழுந்தது, தோற்றதாகச் சொல்லிவிட்டார்கள். இதில் எது விதி, எது அவர்களாகக் கட்டிவிட்டது?

வெள்ளை விஷயத்தில் நீங்கள் ஃபோனில் பழகியதும் சரி, அவர்கள் சொன்னதும் சரி. கறுப்பு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அது கொஞ்சம் வலிக்கும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு விதிப்புத்தகம் இல்லை. அமெரிக்கப் பாணிக்கு உலக அளவில் ஒரு சங்க விதித்தொகுப்பு இருக்கிறது, கீழே 'சங்க விதி' என்று நான் சொல்வது அதைத்தான். பிரிட்டிஷ் பாணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் உண்டு, அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பப்பில் ஆடுகிற யாரும் இதில் எதையும் படித்ததில்லை. அப்பா சொன்னது, பழைய வேலையிடத்தில் ஆடியது, போன வாரம் தோற்றபோது எதிராளி அடித்துச் சொன்னது, எல்லாம் கலந்த கலவைதான் 'இந்த இடத்து விதி'. எந்த மேசையில் நிற்கிறீர்களோ அந்த இடத்து விதிதான் செல்லும், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு படித்திருந்தாலும். ஆனால் அந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும், பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான். 15 பந்துகள், கூட ஒரு வெள்ளை. உங்களுக்கு 7, எதிராளிக்கு 7, நடுவில் ஒரு கறுப்பு. தன் ஏழு பந்தையும் குழியில் போட்டுவிட்டு, எதிராளிக்கு முன் கறுப்பையும் போடுகிறவர் வென்றார். அமெரிக்க மேசையில் 1 முதல் 7 வரை முழு நிறம், 9 முதல் 15 வரை பட்டை போட்டவை, 8 கறுப்பு. பிரிட்டிஷ் பப்பில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், கறுப்பில் மட்டும் 8. சிவப்பு மஞ்சள் என்றால் பிரிட்டிஷ்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1925-லேயே அமெரிக்காவில் பிரன்ஸ்விக் நிறுவனம் ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், ஒரு கறுப்பு கொண்ட பந்துத் தொகுப்பை விற்றது. அமெரிக்காவில் அது முழு நிறம், பட்டை என்று மாறிவிட்டது, பிரிட்டனில் சிவப்பு மஞ்சளாகவே நின்றுவிட்டது.

இப்போது மேசையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், ஏனென்றால் பப் விதிகளில் பாதியை எழுதியது மனிதர்கள் இல்லை, அந்த மேசைதான். காசைப் பள்ளத்தில் வைத்துத் தள்ளுகிறீர்கள், உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், 15 பந்தும் ஒரு பக்கத் தட்டில் வந்து விழும். அதன்பிறகு குழியில் விழுகிற பந்து உள்ளேயே தங்கிவிடும். அடுத்த காசு போட்டால்தான் வெளியே வரும். வெள்ளை மட்டும் விழுந்தால் திரும்பி வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆட்டமே நின்றுவிடும். மேசைக்கு எது வெள்ளை என்று எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் மேசைகளில் வெள்ளையைச் சற்றுச் சின்னதாகச் செய்தார்கள். மற்றப் பந்துகள் 2 அங்குலம், வெள்ளை 1⅞ அங்குலம், அளவை வைத்து உள்ளேயே தனி வழியில் பிரிந்து போய்விடும். அமெரிக்க பார்களில் பழைய மேசைகளில் வெள்ளை பெரிதாகவோ கனமாகவோ இருக்கும், அல்லது உள்ளே காந்தத்துக்குப் பிடிபடுகிற பொருள் வைத்திருப்பார்கள்.

இதனால் ஆட்டமே மாறும். சின்ன, லேசான வெள்ளை கனமான பந்தில் மோதியதும் சுலபமாகப் பின்னால் இழுபடும், ஆனால் மோதிய பிறகு முன்னால் தொடர்ந்து ஓடச் சோம்பல்படும். கனமான வெள்ளை நேர் எதிர். நல்ல கிளப் மேசையில் பழகியவர் பப்பில் ஆடி முதல் நாள் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மீதிப் பாதி துணி. பிரிட்டிஷ் மேசையின் துணியில் ஸ்னூக்கர் மேசையைப் போல ஒரு மயிர் இருக்கும், குழி வாயின் ஓரங்களும் உருண்டையாக இருக்கும், சரியாக ஓரத்தில் பட்டால் பந்து உள்ளே போகாமல் ஆடிவிட்டு வெளியே வந்துவிடும்.

சரி, விதிக்கு வருவோம். விழுந்த பந்து திரும்ப வராது என்பதை மனதில் வையுங்கள். சங்க விதிப்படி முதல் அடியிலேயே, அதாவது பிரேக்கிலேயே, கறுப்பு விழுந்தால் தோல்வி இல்லை. அமெரிக்கப் பாணியில் பிரேக் செய்தவர் கறுப்பை மறுபடியும் மேசையில் குறித்திருக்கும் புள்ளியில் வைத்து ஆடலாம், இல்லை பந்துகளை அடுக்கி மீண்டும் தொடங்கலாம். ஆனால் காசு மேசையில் கறுப்பு உள்ளே சிக்கிக்கொண்டதே, எதை எடுத்து எங்கே வைப்பது? அதனால்தான் ஒரு பப்பில் "பிரேக்கில் கறுப்பு விழுந்தால் உடனே வெற்றி" என்பார்கள், இன்னொரு பப்பில் "தோல்வி" என்பார்கள், மூன்றாவதில் இன்னொரு காசு போட்டு மறுபடி ஆடுவார்கள். மூன்றும் விதிப்புத்தகத்திலிருந்து வந்தவை இல்லை, இயந்திரத்தோடு செய்துகொண்ட சமரசம். தவறாக விழுந்த பந்து அப்படியே உள்ளே கிடக்கும் என்பதும் அதே கதைதான்.

அடுக்குவதில் பெரிய சண்டை வராது. முக்கோணத்தில் கறுப்பு மூன்றாம் வரிசையின் நடுவில். பிரிட்டனில் அந்தக் கறுப்பு மேசையின் புள்ளிமேல் உட்காரும், அமெரிக்காவில் முக்கோணத்தின் முனைப் பந்து புள்ளிமேல் உட்காரும், பின் இரு மூலைகளில் ஒன்று முழு நிறமாகவும் மற்றது பட்டையாகவும் இருக்க வேண்டும். பப்பில் நிறங்கள் நன்றாகக் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பிரேக்கில் குழியில் எதுவும் விழாவிட்டால் குறைந்தது நான்கு பந்துகளாவது குஷனை, அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தை, தொட வேண்டும் என்று சங்க விதி சொல்லும், எந்தப் பப்பிலும் யாரும் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை.

யாருக்கு எந்த நிறம் என்பதில் ஒரு வம்பு உண்டு. பிரேக்கில் ஒரு மஞ்சள் விழுந்தது என்று வையுங்கள். பல பப்களில் "உனக்கு மஞ்சள்" என்று உடனே முடிவாகிவிடும். சங்கத்தின் அமெரிக்க விதிப்படி பிரேக்கில் எது விழுந்தாலும் மேசை திறந்தேதான் இருக்கும், அதாவது யாருக்கும் நிறம் முடிவாகாது, அதற்கப்புறம் முதலில் முறைப்படி போடுகிற பந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கும். எனக்குப் பின்னது பிடிக்கும், ஏனென்றால் மஞ்சள் எல்லாம் மூலையில் குவிந்து கிடக்க ஒன்று மட்டும் தற்செயலாக விழுந்ததால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. ஆனால் என் விருப்பத்தை யார் கேட்டார்கள்.

இப்போது உங்கள் முதல் சண்டைக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எட்டுப்பந்தில் எது தவறு என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. வெள்ளை விழுந்தால் தவறு, எதிராளியின் பந்தையோ உரிய நேரத்துக்கு முன் கறுப்பையோ முதலில் தொட்டால் தவறு, எதையுமே தொடாவிட்டால் தவறு, பந்து மேசையை விட்டுக் குதித்தால் தவறு. வேறுபாடெல்லாம் தவறு செய்தவருக்கு என்ன தண்டனை என்பதில்தான். எந்தத் தண்டனை என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் குணமே மாறிவிடும்.

உங்கள் ஃபோனில் இருப்பது சங்கத்தின் அமெரிக்க விதி: எதிராளி தவறு செய்தால் வெள்ளை உங்கள் கையில், மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இது கடுமையான தண்டனை. கொஞ்சம் ஆடத் தெரிந்தவர் கையில் வெள்ளையைக் கொடுத்தால் நான்கைந்து பந்துகளைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் அந்த விதியில் ஆடுகிறவர்கள் தவறு செய்யப் பயப்படுவார்கள், மறைந்து கிடக்கிற பந்தைக்கூட ஒரு குஷனில் அடித்துத் திருப்பியாவது தொட முயல்வார்கள்.

பிரிட்டிஷ் பப் முறையில் வெள்ளை கிடந்த இடத்திலேயே கிடக்கும், எதிராளிக்கு இரண்டு ஷாட். வெள்ளை குழியில் விழுந்திருந்தால் மட்டும் பிரேக் அடிக்கிற கோட்டுக்குப் பின்னால் வைத்து ஆட வேண்டும். இரண்டு ஷாட் என்றால் முதல் ஷாட்டில் பந்து போடவில்லை என்றாலும் முறை உங்களிடமே இருக்கும், ஒன்றை வைத்து இடத்தைச் சரிசெய்துகொண்டு இன்னொன்றில் போடலாம். ஆனால் இதற்குள்ளேயே மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, மூன்றுக்கும் ஊருக்கு ஊர் வேறு பதில். முதல் ஷாட்டிலேயே ஒரு பந்தைப் போட்டுவிட்டால் இரண்டாவது ஷாட் இன்னும் கையில் இருக்கிறதா, இல்லை அதோடு போயிற்றா? அந்த முதல் ஷாட்டில் எதிராளியின் பந்தை முதலில் தொட்டு விலக்கிவிடலாமா? கறுப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கும்போது எதிராளி தவறு செய்தால் உங்களுக்கு இரண்டா ஒன்றா? கடைசிக் கேள்விக்கு "கறுப்புக்கு ஒரே ஷாட்தான்" என்கிற பதிலை அடிக்கடி கேட்பீர்கள்.

கோட்டுக்குப் பின்னாலிருந்து ஆடுவதில் இன்னொன்று. வெள்ளையை முன்னோக்கித்தான் அடிக்க வேண்டும், கோட்டுக்குப் பின்னால் இருக்கிற பந்தை நேராகக் குறிவைக்கக் கூடாது என்று சில பப்களில் பிடிவாதமாக இருப்பார்கள். உங்கள் கடைசிப் பந்து கோட்டுக்குப் பின்னால் குழி வாயிலேயே கிடக்கும், கைநீட்டினால் எட்டும் தூரம், ஆனால் முன்னால் அடித்து எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி வர வேண்டும். எரிச்சல்தான், என்ன செய்வது.

மூன்றாவது வகை அமெரிக்க பார் பக்கம் அதிகம்: வெள்ளை விழுந்தால் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஆடு, மற்றத் தவறுகளுக்கு ஒன்றும் கிடையாது, முறை மாறும், அவ்வளவுதான். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஓட்டை. என் பந்துகள் எல்லாம் மறைந்து கிடக்கின்றன, எதையும் தொட வழியில்லை. நான் என்ன செய்வேன்? வெள்ளையை லேசாகத் தட்டி உங்கள் பந்துகளுக்கு நடுவில் ஒளித்துவிடுவேன். தவறுதான், ஆனால் எனக்கு இழப்பு எதுவும் இல்லை, இப்போது சிக்கல் உங்களுக்கு. தண்டனை லேசாக இருந்தால் தவறு செய்வதே தந்திரமாகிவிடும். விதி இடம் கொடுத்தாலும் அந்த இடத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள், இரண்டு முறை செய்தால் அடுத்த ஆட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று, பப்பில் பலருக்கும் தெரியாதது. சங்க விதிப்படி வெள்ளை உங்கள் பந்தைத் தொட்டால் மட்டும் போதாது. தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குழியில் விழ வேண்டும், இல்லையென்றால் வெள்ளையோ வேறு எந்தப் பந்தோ குஷனைத் தொட வேண்டும். ஏன் இப்படி? இல்லாவிட்டால் இருவரும் பக்கத்துப் பந்தை ஒரு நூல் அசைத்து அசைத்து முறையை மாற்றிக்கொண்டே இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். பப்பில் இதைச் சொல்லி ஃபவுல் கேட்டால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள், முதலிலேயே பேசியிருந்தால் ஒழிய வாயைத் திறக்காதீர்கள்.

குழியைச் சொல்லி அடிப்பது பற்றி. சில இடங்களில் எப்படி விழுந்தாலும் கணக்கு, குருட்டு அதிர்ஷ்டமாக இருந்தாலும் முறை தொடரும். சில இடங்களில் கறுப்புக்கு மட்டும் எந்தக் குழி என்று சொல்ல வேண்டும். வேறு சில அமெரிக்க பார்களில் ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பந்து, எந்தக் குழி, எந்தக் குஷனில் பட்டு, வழியில் எந்தப் பந்தை உரசிக்கொண்டு என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இவர்கள் இதை 'முறையான' விதி என்று வேறு சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் சங்க விதி அவ்வளவு கேட்பதில்லை, பந்தும் குழியும் தெரிந்தால் போதும், பார்த்தாலே தெரிகிற ஷாட்டுக்கு அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன விஷயங்கள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். சட்டைக் கை பட்டு ஒரு பந்து நகர்ந்தால் அமெரிக்க பார்களில் வெள்ளையாக இருந்தால்தான் தவறு, மற்றதை எதிராளி பார்த்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம், பிரிட்டிஷ் முறையில் எந்தப் பந்து பட்டாலும் தவறு என்பார்கள். வெள்ளையை எகிற வைத்து இன்னொரு பந்தைத் தாண்டுவது பிரிட்டிஷ் பப்பில் கூடாது, எப்படியும் துணி கிழிந்தால் கடைக்காரர் உங்களைத் தாண்ட வைப்பார். வெள்ளையும் உங்கள் பந்தும் ஒட்டியது போல நெருங்கிக் கிடக்கும்போது குச்சியால் நேராகத் தள்ளினால் இரண்டு முறை படும், அது தவறு, கொஞ்சம் சாய்வாக அடியுங்கள்.

மேசை ஓரத்தில் வரிசையாக நாணயங்கள் இருந்தால் யாரோ மறந்து வைத்தது என்று நினைக்காதீர்கள், அது வரிசை. வென்றவர் மேசையிலேயே இருப்பார், அடுத்த நாணயத்துக்காரர் காசு போட்டுப் பந்தை அடுக்குவார், வென்றவர் பிரேக் செய்வார். உங்கள் நாணயத்தைக் கடைசியில் வைத்துவிட்டு எது உங்களுடையது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். எதிராளி குனிந்து குறிபார்க்கும்போது அவர் கண்ணுக்கு நேரே, அந்தக் குழிக்குப் பின்னால் நிற்காதீர்கள். இதற்கு ஃபவுல் இல்லை, ஆனால் பல ஃபவுல்களைவிட இதற்குத்தான் அதிகம் கோபப்படுவார்கள். பிரிட்டனில் ஒரு பந்துகூடப் போடாமல் தோற்றவர் கால்சட்டையை இறக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓட வேண்டும் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி கறுப்பு. கறுப்பில்தான் நட்பு முறிகிறது. பிரேக்குக்குப் பிறகு, உங்கள் ஏழும் முடியும் முன் அதைப் போட்டால் தோல்வி, எல்லா ஊரிலும். சொன்ன குழியை விட்டு வேறு குழியில் விழுந்தால், குழி சொல்லி ஆடும் இடங்களில், தோல்வி. அது மேசையை விட்டு வெளியே போனால் அமெரிக்கப் பாணியில் தோல்வி. கடைசிச் சிவப்பும் கறுப்பும் ஒரே அடியில் விழுந்தால் அமெரிக்கப் பாணியில் தோல்விதான், பிரிட்டிஷ் பப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை விழுவதில்தான் பெரிய குழப்பம், அதை இரண்டாகப் பிரியுங்கள். கறுப்பைக் குறிபார்த்து அடித்தீர்கள், கறுப்பு விழவில்லை, வெள்ளை மட்டும் விழுந்தது: சங்க விதிப்படி இது வெறும் ஃபவுல், ஆட்டம் தொடரும். ஆனால் நிறைய பார்களில் இதையும் தோல்வி என்பார்கள். நான் முதல் தடவை அறிமுகமில்லாத ஒரு பப்பில் ஆடியபோது இப்படித்தான் போனது. கறுப்பு குழி வாயில் நின்று ஆடிவிட்டு வெளியே நின்றது, என் வெள்ளை நிதானமாக, ஏதோ வேலை இருப்பது போல, எதிர்மூலைக்குப் போய் உள்ளே இறங்கியது. எதிராளி கையை நீட்டிவிட்டார், நான் ஃபவுல்தானே என்று நின்றேன். சுற்றி நின்ற ஐந்து பேரும் ஒரே குரலில் தோல்வி என்றார்கள். வாதாடிப் பயனில்லை, ஆறாவது ஆள் நான் மட்டும்தான்.

இதனால் நாணயம் வைக்கும்போதே நான் இப்போது நான்கு விஷயம் கேட்டுவிடுவேன், குச்சி முனையில் சாக் தேய்த்துக்கொண்டே, பெரிய விசாரணை போல இல்லாமல்: ஃபவுலுக்கு ரெண்டு ஷாட்டா, கையில் வெள்ளையா? கறுப்புக்கும் ரெண்டா? குழி சொல்லணுமா? கறுப்பை அடிக்கும்போது வெள்ளை விழுந்தால்? பிரேக்குக்கு முன் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் அதே கேள்வியைக் கேட்டால் ஏமாற்றப் பார்க்கிறான் என்று தோன்றும், பதிலும் கேட்கப்படுகிறவருக்கு வசதியாகவே வரும்.

உங்கள் விஷயம்: வெள்ளையைக் கையில் எடுத்ததில் அவர்கள் பக்கம் நியாயம், அது அந்த மேசையின் விதி. கறுப்பும் வெள்ளையும் ஒரே அடியில் சேர்ந்து விழுந்ததுக்கு மட்டும் அமெரிக்க விதி, பிரிட்டிஷ் விதி, பப் விதி, உங்கள் ஃபோன் விதி என்று எதைப் புரட்டினாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். நீங்கள் தோற்றுத்தான் போனீர்கள். அடுத்த தடவை கறுப்பை அடிக்கும்போது பந்து எங்கே போகும் என்பதோடு வெள்ளை எங்கே போய் நிற்கும் என்றும் ஒரு பார்வை பாருங்கள். கறுப்பு குழி வாயில் நேராக நின்றால், வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே லேசாக அடித்தால் போதும், அந்தச் சின்ன வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றுவிடும்.